வெளியே போனவர்களின் கோபம்: நம் மன்றத்து நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் தியான மன்றத்தின் நிர்வாகக் குழுப் பெரியவர்களுக்கு வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில் நீங்கள் வாசித்த தீர்மானத்தைப் பற்றி எழுதுகிறேன். மன்றத்தை விட்டு விலகி, வெளியே போய் மன்றத்தை ஏசித் திரிகிறவர்களோடு உறுப்பினர்கள் யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது, அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது என்று அதில் இருந்தது. மூன்று குடும்பங்களைப் பெயர் சொல்லியே வாசித்தீர்கள். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்ட கையோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள்.

எனக்கு ஆட்சேபம் உண்டு. நான் மன்றத்தை விட்டுப் போகிற ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் காலமான பிறகு என்னைத் தூக்கி நிறுத்தியது காலை நேரத் தியானமும், அதற்கு என்னோடு உட்கார்ந்த மனிதர்களும்தான். அந்த நன்றி எனக்குச் சாகும்வரை இருக்கும். உள்ளே இருந்துகொண்டே இதைச் சொல்ல வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன். நம் மன்றத்தோடு நிற்கிற விஷயமாகவும் இது எனக்குப் படவில்லை. பெருந்துறையிலிருந்து கோயமுத்தூர் வரை எந்தச் சபையை, எந்தக் கட்சியை, எந்தச் சங்கத்தை எடுத்தாலும், விட்டுப்போனவர்கள் ஏன் இப்படிக் காட்டமாகப் பேசுகிறார்கள் என்ற புகார் இருக்கிறது. அதனால்தான் திறந்த மடல்.

நீங்கள் பெயர் சொன்ன மூவரில் ஒருவர் நம் ஆண்டு விழாவுக்கு வருஷா வருஷம் சமைத்துப் போட்ட தம்பி. முதல் நாள் சாயங்காலமே வந்து செங்கல் அடுப்புக் கூட்டுவார். மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயத்தை உரிக்கப் பெண்களை உட்கார வைத்துவிட்டு, தானும் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு கூடவே உட்காருவார். அவர் ஆக்கும் அரிசிம்பருப்புச் சோற்றுக்காகவே வருகிறவர்கள் இருந்தார்கள். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, அண்டாவைச் சாய்த்துப் போட்டு, பாதி உடம்பை உள்ளே நுழைத்து, அடிப்பிடித்த இடத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டு கிடப்பார். காசு கொடுத்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

அவர்தான் இப்போது பேக்கரியில் நின்று "எல்லாம் ஏமாத்து வேலைங்க" என்கிறார். சந்தையில் பார்த்தபோது என்னிடமும் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை, கேட்டுக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் குரல் இறங்கிவிட்டது. "ஏனுங் டீச்சர், எம்புள்ளைக்குக் காய்ச்சல்ன்னப்பக்கூட நான் இங்கதானுங்க கெடந்தேன். ஊட்டுக்காரி போன் மேல போன் பண்ணுனா. அதையெல்லாம் ஆருங்க திருப்பிக் குடுப்பாங்க?" என்றார்.

தியானத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பேக்கரியில் அவர் பேசுவது மன்றத்தை வைதது போல இருக்கும். ஆனால் அவருக்கு ஆறாமல் இருப்பது போன வருஷங்களின் கணக்கு. உள்ளே இருந்தவரை அந்த உழைப்புக்கு ஒரு அர்த்தம் இருந்தது. நம்பிக்கை போனதும் அந்த உழைப்பு அத்தனையும் அவர் கையில் வெறும் நஷ்டமாக நிற்கிறது. கொஞ்சம் கொடுத்தவன் கொஞ்சம் முனகிவிட்டுப் போவான். எல்லாவற்றையும் கொடுத்தவன்தான் கத்துவான். நம்மை வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு காலத்தில் நமக்காக ராப்பகலாக ஓடியவர்களாகத்தான் இருப்பார்கள்.

தமிழாசிரியையாக இருந்த பழக்கம், இந்த இடத்தில் எனக்கு அப்பர் ஞாபகம் வருகிறது. நம் கொடுமுடியைப் பாடியவர். ஏழாம் நூற்றாண்டுக்காரர். பெரியபுராணம் சொல்கிறபடி, சைவக் குடும்பத்தில் பிறந்து சமணத்துக்குப் போய், தருமசேனர் என்ற பெயரோடு அங்கே பெரிய நிலையில் இருந்துவிட்டு, சூலை நோய் வந்து தமக்கையார் திலகவதியாரிடம் திரும்பினார். திரும்பிய பிறகு சமணரை அவர் பாடியதைப் போல வேறு யாரையும் அவர் வையவில்லை. தலைமயிரைப் பறிப்பது, கையில் வாங்கி நின்றபடி உண்பது, ஆடையில்லாமல் திரிவது என்று விவரம் விவரமாக வரும். வெளியாள் ஒருவருக்கு அத்தனை விவரம் தெரிந்திருக்காது. அந்தப் பாட்டுகளைச் சேர்த்து வைத்து வாசித்தால் இன்னொன்றும் தெரியும். பல இடங்களில் அவர் தம்மையே நொந்துகொள்கிறார். என் நாளையெல்லாம் அவர்களோடு போக்கினேனே, உன்னை நினையாமல் இருந்தேனே என்று புலம்புகிறார். அடுத்தவரைத் திட்டுவது மாதிரி தொடங்கி, தன் பழைய காலத்தைத் திட்டுவதில் வந்து முடிகிறது. பேக்கரியில் தம்பி பேசுவதும் இதேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்காக, விட்டுப்போனவர் சொல்வதே விட்ட இடத்தைப் பற்றிய முழு உண்மை என்று நான் சொல்ல வரவில்லை. அப்பர் பாட்டை மட்டும் வைத்துச் சமணத்தை எடைபோட்டால் என்ன ஆகும்? நம் காலடியிலேயே விஜயமங்கலத்தில் சமணக் கோயில் நிற்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் படிக்கிற நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் ஒரு சமணர். சீனாபுரத்துக்காரர் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பெருங்கதை பாடிய கொங்குவேளிர் விஜயமங்கலத்தவர், அவரும் சமணர். அப்பர் விட்டு வந்த மதத்துக்கு இவ்வளவும் உண்டு. விலகியவரின் பாட்டில் இவை வராது. அவருக்குப் பட்ட காயம்தான் வரும். நம் மன்றத்தைப் பற்றி வெளியே பேசப்படுவதும் அப்படியே. அதைக் கேட்டு நாம் ஆடிப்போக வேண்டியதில்லை. பொய் என்று தூக்கிப்போடவும் கூடாது.

உங்களில் ஒருவர் அன்றைக்கு, "விட்டுப்போனவன் தன் மனசாட்சிக்குப் பயந்துதான் வைகிறான்" என்றார். இது ரொம்பப் பழைய வாதம். மாக்ஸ் ஷெலர் என்ற ஜெர்மன் தத்துவ அறிஞர் நூறு வருஷத்துக்கு முன்பே இதைக் கொஞ்சம் ஆழமாகச் சொல்லியிருக்கிறார். புது நம்பிக்கையில் உள்ளதைப் பிடித்துக்கொண்டு வாழாமல், பழையதோடு சண்டை போடுவதற்காகவே வாழ்கிற ஒரு வகை மனிதர் உண்டு என்றார். உண்டுதான். நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த ஒரு வகையை வைத்துக்கொண்டு விலகிய எல்லாரையும் அளக்கிறோமே, அங்கேதான் தப்பு. அப்படி அளந்துவிட்டால், அவர்கள் சொல்வதில் ஒன்றைக்கூட நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை. நமக்கு அது சௌகரியம். அந்தச் சௌகரியத்தைத்தான் நான் சந்தேகப்படுகிறேன்.

உண்மையில் பெரும்பாலானவர்கள் சத்தமில்லாமல்தான் போகிறார்கள். ஸ்டூவர்ட் ரைட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1980-களில், ஹரே கிருஷ்ணா இயக்கம் உள்ளிட்ட மூன்று புதிய மத இயக்கங்களிலிருந்து தாமாக விலகிய 45 பேரிடம் பேசினார். மூன்றில் இரண்டு பங்கு பேர், அந்த அனுபவத்தால் விவேகம் கூடியது என்றுதான் சொன்னார்கள். மூளைச்சலவை செய்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சொன்னவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. நம் மன்றத்தையே பாருங்கள். வேலை மாறி, கல்யாணமாகி, ஆர்வம் குறைந்து எத்தனை பேர் வராமல் நின்றுபோனார்கள்! அவர்களை நாம் எண்ணுவதே இல்லை. சத்தம் போடுகிற மூன்று பேர்தான் நம் கண்ணில் படுகிறார்கள்.

அந்தச் சிலர் மட்டும் ஏன் சத்தம் போடுகிறார்கள்? இதற்கு நம் ஈரோட்டு வரலாற்றைவிட நல்ல பாடம் கிடையாது.

பெரியார் காங்கிரஸில் இருந்தபோது அதற்குக் கொடுத்தது கொஞ்சநஞ்சம் இல்லை. ஈரோடு நகராட்சித் தலைவர் பதவியை விட்டுவிட்டு வந்தார். கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றார். கள்ளுக்கு எதிராகத் தம் தோப்பில் இருந்த தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார். அவர் சிறைக்குப் போக, ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் தெருவில் இறங்கினார்கள். 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் அவர் கொண்டுவந்த வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளவே அனுமதிக்கவில்லை. மேடையை விட்டு இறங்கி வந்தவர், அதற்குப் பிறகு காங்கிரஸை ஒழித்தாக வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். அதே மனிதர் 1954-க்குப் பிறகு காமராசரின் காங்கிரஸ் ஆட்சிக்கு ஆதரவாக நின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உள்ளே இருந்தபோது அவர் கேட்டதற்குக் காது கிடைக்கவில்லை. அதனால் வெளியே உரக்கக் கேட்டார். அவர் கேட்டது நடக்கிறது என்று தெரிந்தபோது அவர் கோபம் இறங்கியது. கோபத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணத்தைத் தொட்டால் கோபம் தணிந்தது. இதை வெறும் பகை என்று யாராவது சொல்ல முடியுமா?

அவர் காங்கிரஸை விட்டு வந்து இருபத்து நான்கு வருஷம் கழித்து, அவரையே விட்டு ஒரு கூட்டம் வெளியேறியது. திருப்பூரில் நடந்த ஒரு மாநாட்டில்தான் அண்ணா பெரியாரை முதன்முதலில் சந்தித்தார். ஈரோட்டில் அவருடைய பத்திரிகைகளில் வேலை பார்த்தார். 1949 செப்டம்பர் 17-ல், பெரியாரின் பிறந்த நாளிலேயே, தனிக்கட்சி கண்டார். கண்டவர், அந்தக் கட்சியின் தலைவர் பதவியைப் பெரியாருக்கென்று காலியாக விட்டு வைத்தார். இந்த முறை கடுஞ்சொல் போனவர்கள் பக்கமிருந்து வரவில்லை. "கண்ணீர்த்துளிகள்" என்று பல வருஷம் அவர்களை ஏளனம் செய்தவர் பெரியார்தான். 1967 தேர்தலிலும் அவர்களுக்கு எதிராகத்தான் பிரசாரம் செய்தார். ஜெயித்ததும் அண்ணா திருச்சிக்குப் போய் அவரைப் பார்த்தார். இந்த ஆட்சியே பெரியாருக்குக் காணிக்கை என்றும் பிறகு அறிவித்தார்.

அண்ணாவால் மட்டும் எப்படி வாயடக்கமாக இருக்க முடிந்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். பெருந்தன்மை ஒரு காரணம், சந்தேகமில்லை. இன்னும் இரண்டு காரணம் எனக்குத் தெரிகிறது. அவர் அமைப்பை விட்டாரே தவிர நம்பிக்கையை விடவில்லை. பழைய வருஷங்கள் அவருக்கு வீணாகவில்லை. கூடவே எடுத்து வந்துவிட்டார். அப்புறம், அவர் தனியாக வரவில்லை. பேசிப் பகிர்ந்துகொள்ள, ஆறுதல் சொல்ல, ஆயிரக்கணக்கானவர்கள் கூட வந்தார்கள். நம் சமையல்காரத் தம்பிக்கு இந்த இரண்டுமே இல்லை. நம்பிக்கையும் போயிற்று, துணைக்கும் யாரும் இல்லை. தன் ஆயுளில் பாதியை எதற்குக் கொடுத்தோம் என்று உட்கார்ந்து பேச அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் மன்றத்துக்குள் இருக்கிறார்கள். அவர்களோடும் பேசக் கூடாது என்கிறது உங்கள் தீர்மானம். பேக்கரியைத் தவிர வேறு எங்கே போவார்?

பேக்கரியில் நிற்கிறவர்கள் என்ன கேட்பார்கள் என்பதும் நமக்குத் தெரியும். மன்றத்தில் கிடைத்த நிம்மதியைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள். உள்ளே என்ன நடந்தது, யார் காசு அடித்தார், எந்தப் பெரியவர் எப்படி என்றுதான் கேட்பார்கள். கேட்கிறவர்களுக்குப் பிடித்த பாகத்தைச் சொல்லிச் சொல்லி, சொல்கிறவருக்கும் அது ஒன்றே ஞாபகம் ஆகிவிடுகிறது. வேறு சபைக்குப் போனவர்களுக்கு இது இன்னும் பலமாக நடக்கும். புது இடத்தில் சாட்சி சொல்லச் சொல்வார்கள். பழைய இருட்டு எவ்வளவு கருப்போ, புது வெளிச்சத்துக்கு அவ்வளவு மதிப்பு. நாம் கதவைச் சாத்தினால், அவர்களைக் கொண்டுபோய் அந்தக் காதுகளிடம் நாமே விடுகிறோம்.

இரண்டாவது குடும்பத்தைப் பற்றிச் சொல்வது எனக்குச் சங்கடம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். அந்த அம்மிணி தியான மண்டபக் கட்டட நிதிக்குத் தன் வளையலை விற்றுப் பணம் கொடுத்தவர். ரசீது கேட்டார், வரும் என்றார்கள். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, வரவு செலவை ஒரு தாளில் எழுதி ஒட்டினால் எல்லாருக்கும் நல்லது என்று மரியாதையாகத்தான் சொன்னார். சந்தேகப்படுகிற மனசுக்குத் தியானம் கைகூடாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலைச் சொன்னவர் இந்த மடலையும் படிப்பார் என்று நம்புகிறேன். அதற்குப் பிறகு அந்த அம்மிணி பின்வரிசைக்குப் போனார். பிறகு வாரம் விட்டு வாரம் வந்தார். பிறகு வரவில்லை. இப்போது வெளியே கேட்கிறார், அதே கேள்வியை, கொஞ்சம் கெட்ட வார்த்தையோடு. பொறாமையில் பேசுகிறார் என்கிறீர்கள். பொறாமையிலேயே பேசட்டும். கேள்வி அப்படியே நிற்கிறதே!

ஹெலன் ரோஸ் ஈபா என்று ஒருவர். கன்னியாஸ்திரியாக இருந்து, துறவை விட்டு வெளியே வந்து, சமூகவியல் பேராசிரியரானவர். துறவை, தொழிலை, மணவாழ்க்கையை விட்டவர்கள் என்று 185 பேரிடம் பேசி 1988-ல் ஒரு நூல் எழுதினார். யாரும் ஒரே நாளில் போவதில்லை என்பது அவர் கண்டது. முதலில் சந்தேகம் வருகிறது. அது சின்னச் சின்ன அடையாளங்களில் வெளியே தெரிகிறது. சுற்றி இருக்கிறவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்தச் சந்தேகம் அடங்கவும் செய்யும், வளரவும் செய்யும். அந்த அம்மிணி பின்வரிசைக்குப் போன அன்றைக்கே நாம் யாராவது போய், "ஏன் கண்ணு, பின்னால போய் உக்காந்துட்ட?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கிற இடம் உள்ளே இல்லாமல் போனால், கேள்வி வெளியே போய்த்தான் பேசும்.

இனி தீர்மானத்துக்கு வருகிறேன். நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது என்பது நம் பக்கத்தில் எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நோம்பி, பண்டிகைக்கு வராவிட்டால் மறந்துவிடுவார்கள். சீருக்கு வராதவரையும், இழவுக்கு வராதவரையும் நம் சனம் தலைமுறைக்கும் மறக்காது. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் செய்கிற அக்காள் தங்கை ஒரு வீட்டில் மன்றத்துக்காரராக இருந்து, தம்பி விலகியவராக இருந்தால் என்ன செய்யச் சொல்கிறீர்கள்? கூறைச் சேலைக் கூடையை யார் தலையில் வைப்பது? தியானத்தை விட்டவரிடமிருந்து ரத்த உறவையும் பிடுங்க மன்றத்துக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? ஊர்க் கட்டுப்பாடு போட்டுக் குடும்பங்களை ஒதுக்கிய காலத்தை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதன் கசப்பு இன்னும் சில ஊர்களில் தீரவில்லை. அமைதி வேண்டி உட்கார்கிற ஒரு மன்றம் அந்த வழக்கத்தைக் கையில் எடுப்பது எனக்குத் தாங்கவில்லை.

அதோடு, இது நீங்கள் நினைக்கிற பலனையும் தராது. பயத்தில் யாரும் வெளியே போக மாட்டார்கள் என்று நினைக்கிறீர்கள். போக நினைப்பவர் போகாமல் உள்ளேயே மனக்கசப்போடு உட்கார்ந்திருப்பார். கடைசியில் போகும்போது சொந்தத்தையும் இழந்து போவார். அவர் வாயிலிருந்து என்ன வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? வெளியே போக ஒருவர் எவ்வளவு விலை கொடுக்கிறாரோ, அவ்வளவுக்கு அந்த விலையை நியாயப்படுத்த அவர் பேசியாக வேண்டும். நாம் விலையை ஏற்றினால் அவர்கள் குரலும் ஏறும்.

விலகியவர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மன்றத்தைத் திட்டுங்கள், நிர்வாகத்தைத் திட்டுங்கள். இன்னும் உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் மந்தை, மூளை இல்லாதவர்கள் என்று பேசாதீர்கள். போன வருஷம்வரை பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். உங்களுக்கு எப்படி யோசித்துப் போக உரிமை உண்டோ, எங்களுக்கும் யோசித்து இருக்க உரிமை உண்டு. உங்கள் வீட்டுக்கு வருவதற்கு எங்களைத் தடுப்பது இந்தத் தீர்மானம் மட்டும் இல்லை. சில சமயம் உங்கள் பேச்சும்தான்.

பெரியவர்களே, நான் கேட்பது இதுதான். தீர்மானத்தை வாபஸ் வாங்குங்கள். கட்டட நிதியின் வரவு செலவை மண்டபத்து வாசலில் ஒட்டுங்கள், அந்த அம்மிணிக்கு அவர் பெயரில் ரசீதை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். சமையல்காரத் தம்பி செய்த சேவைக்கு, அவர் திரும்பி வர வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல், குழுவின் கையெழுத்தோடு ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள். அவர் அதைக் கிழித்துப் போட்டாலும் போடட்டும். நாம் எழுத வேண்டிய கடிதம் அது. இனிமேல் யாராவது விலகினால், குழுவில் இருவர் போய் உட்கார்ந்து, மறித்துப் பேசாமல், அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வர வேண்டும் என்று ஒரு வழக்கம் வையுங்கள்.

மூன்றாவது குடும்பத்தில் வருகிற ஆவணியில் கல்யாணம். எனக்குப் பத்திரிகை வைத்திருக்கிறார்கள். நான் போகிறேன். அதற்காக என் மேல் நடவடிக்கை எடுப்பதாக இருந்தால், அதை அடுத்த பொதுக்குழுவில் எல்லார் முன்னாலும் வைத்துப் பேசுங்கள். ஆட்சேபம் உண்டா என்று கேட்டுவிட்டு, இந்த முறை பதிலுக்குக் காத்திருங்கள்.

இப்படிக்கு,
மன்றத்தில் தொடரும் ஓர் உறுப்பினர்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பெருந்துறை வட்டாரம்.